இறுக்காமல் விட்ட போல்ட்

ஒரிஹாரா கென்சாக்குவின் சலூனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஒசாகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அமாகசாக்கியில் அநேகமாக எல்லா சலூன்களுக்கும் அப்படித்தான். மற்ற சலூன்காரர்கள் அன்றைக்கு மதியம்வரை தூங்குவார்கள். கென்சாக்கு காலைச் சோற்றை முடித்த கையோடு முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, தன் குட்டிச் சைக்கிளை உருட்டியபடி ரயில் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் வழுவழுத்த சிமெண்டுத் தரைக்குப் போய்விடுவார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. “இடுப்புக்கு எண்ணெய் தேய்க்கிற வயசுல சர்க்கஸ் கேக்குதா?” என்பார் மனைவி மிட்சுயோ.

சர்க்கஸ் என்றால் அவருக்குக் கோபம் வரும். மேடும் பள்ளமும் இல்லாத வெறும் சமதரையில் சைக்கிளை ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தி, அச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்மேல் ஒரு காலை ஊன்றி, மறு காலால் காற்றைத் துழாவிக்கொண்டு பம்பரம்போலச் சுற்றுவது ஒரு கலை என்பது அவர் கட்சி. மேம்பாலத்தடிக் கூட்டத்துக்கு அதற்குமேல் இன்னொரு பித்தும் உண்டு. ஃபிரேம் எண்பதுகளில் செய்ததாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். பழைய ஃபிரேமின் நீளமும் நெளிவும் வேண்டும், ஆனால் பழைய போல்ட் உடைந்து பல்லும் உடையக் கூடாது, அவ்வளவுதான். கூட்டத்தைக் கூட்டி நடத்துபவர் சவா. ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பத்தைந்து வயது இருக்கும், எல்லாரையும் அதட்டுவார்.

கென்சாக்குவின் வண்டியில் மட்டும் ஃபிரேமும் பழசு, பாகங்களும் பழசு. பெரும்பாலான வருடங்கள் அது சலூன் மாடியில் துணி போர்த்திக் கிடந்தது. இறக்கி ஓட்ட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகிறது. பெடலை மிதித்தால் ஒரு முனகல், திருப்பினால் இன்னொரு முனகல்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, தூண் ஓரமாக ஒரு புது ஆள் நின்றிருந்தார். மங்கிய மஞ்சள் ஃபிரேம், பளபளக்கும் புதுச் சக்கரங்கள். முதுகைத்தான் பார்த்தார் கென்சாக்கு. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நிற்கும் அந்த நிலையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

நுகாதா ஷின்பெய்.

“கென்! இன்னும் உயிரோடதான் இருக்கியா?” என்று திரும்பிச் சிரித்தார் நுகாதா.

“ஏன், செத்துட்டேன்னு யாராவது நல்ல சேதி சொன்னாங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பழைய சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அது உண்மையும்தான். பள்ளிக்கூட நாட்களில் இருவரும் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். ஒருவர் வீட்டுச் சோற்றை மற்றவர் தின்றவர்கள். எண்பத்தொன்பதாம் வருடம் ஒசாகா துறைமுகத்தில் நடந்த போட்டிதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது.

ஒரு சைக்கிள் கம்பெனி தன் அணிக்கு ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க வந்திருந்தது. கென்சாக்குதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் முறை வருவதற்குச் சற்று முன்னால் கழிப்பறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் நுகாதா நின்றிருந்தார். கை ஹேண்டில்பார்மேல் இருந்தது. மறு கையில் போல்ட் திருகும் ஆலன் கீ. கென்சாக்குவைப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்தார். “சாய்ஞ்சுது, புடிச்சேன்” என்றார். அதற்குப் பிறகு களத்தில் இறங்கி, முன்சக்கரத்தில் நின்று சுற்றும்போது, ஹேண்டில்பாரை முன்சக்கரத் தண்டோடு இணைக்கும் ஸ்டெம் வழுக்கி, ஹேண்டில்பார் மட்டும் தனியாகத் திரும்பிக்கொண்டது. சக்கரம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். காறை எலும்பு முறிந்தது. அணியில் இடம் நுகாதாவுக்குக் கிடைத்தது. கையில் கட்டோடு அப்பாவின் சலூனுக்குள் நுழைந்த கென்சாக்கு அதன்பிறகு வெளியே வரவில்லை.

அவர் நுகாதாவிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான், எதற்குக் கேட்பது? பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

இப்போது அந்த ஆள், மாமனார் தொழிலைப் பார்த்துக்கொள்ள பக்கத்து ஊரான நிஷினோமியாவுக்கே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, திங்கட்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார். வந்த வேகத்தில் எல்லாருக்கும் வேண்டியவராகிவிட்டார். ஒருத்தருக்கு செயின் மாற்றிக் கொடுத்தார். சவாவுக்கு ஒரு சுழற்சி கற்றுக் கொடுத்தார். கென்சாக்கு தூணில் சாய்ந்து டப்பாக் காபியை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தார். இவ்வளவு நல்லவனாக நடந்துகொள்ள இவனுக்கு என்ன தேவை?

மே மாதத்தில் ஒரு நாள் நுகாதா அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தார்.

“கென், உன் வண்டிக்கு. எங்கிட்ட உபரியா கிடந்துச்சு. முன் ஃபோர்க், ஸ்டெம், அப்புறம் இந்தப் பின்சக்கரம். இதுல பின்பக்கமா உருண்டா பெடல் சுத்தாது. நீ ஒரு தடவ பின்னால உருண்டு பாரு, அப்புறம் உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியாது.”

“எனக்கு எதுக்குடா?”

“உன் ஸ்டெம்மைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. இதையெல்லாம் வெச்சு ஓட்டி மறுபடியும் எலும்ப உடைச்சுக்காத.”

மறுபடியும். அந்த ஒரு வார்த்தை கென்சாக்குவின் காதில் முள்ளாகத் தைத்தது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்!

“வாங்கிக்கங்க கென் சான்,” என்றார் சவா. “ஜூன்ல நம்ம சந்திப்பு வருது. கோபேலேருந்து, நகோயாலேருந்தெல்லாம் ஆளு வர்றாங்க. நீங்க இந்த முனகல் வண்டியோட வந்தா எங்க மானம் போயிடும்.”

மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கென்சாக்கு தலையை ஆட்டினார்.

வேலை அங்கேயே நடந்தது. புதுச் சக்கரத்தின் அச்சு தடிமன். பழைய ஃபிரேமின் பின்முனைக் காடியில் நுழையாது. நுகாதா அரத்தை எடுத்து, ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று தேய்த்தார். ஒவ்வொரு இழுப்பும் கென்சாக்குவின் பல்லைக் கூசச் செய்தது. அதிகமாகத் தேய்த்துவிட்டால் ஃபிரேம் அங்கேயே விரியும் அல்லவா? அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

“என்னடா, டாக்டர் ஆபரேஷன் பண்ணும்போது வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குற மாதிரி பாக்குற?”

“என் ஃபிரேம். பாப்பேன்.”

“பாரு, பாரு.”

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் மேல்தண்டு ஒல்லி, புது ஸ்டெம்மின் வாய் பெரிசு. இடைவெளியை நிரப்ப ஒரு மெல்லிய அலுமினிய வளையத்தைச் செருக வேண்டியிருந்தது. நுகாதா தண்டையும் வளையத்தையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைத்தார், பிறகு விளக்குக் கம்பத்தை அசைப்பதுபோல ஹேண்டில்பாரை அசைத்துப் பார்த்தார். “இப்ப யானை தொங்கினாலும் அசையாது,” என்றார். கென்சாக்கு ஓட்டிப் பார்த்தார். வண்டி முனகவில்லை. பின்னால் உருண்டபோது பெடல் அப்படியே நிற்க, உலகம் மட்டும் சத்தமில்லாமல் முன்னோக்கிப் போயிற்று. சிரிப்பு வந்தது. நுகாதா பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மிட்சுயோவிடம் சொன்னார். “சும்மா குடுக்குறான். எதுக்கு?”

“பழைய சிநேகிதன். குடுக்குறாரு.”

“உனக்கு அவனைத் தெரியாது.”

“உங்களுக்கும்தான் தெரியாது. கடைசியா பேசினப்ப அவருக்கு மீசையே முளைக்கல,” என்று சொல்லிவிட்டு மிட்சுயோ துண்டுகளை மடிக்கப் போய்விட்டார்.

ஆனால் கென்சாக்குவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் சவர நாற்காலியில் ஒரு கிழவரின் தாடைக்குச் சோப்பு தடவிக்கொண்டிருக்கும்போதே மனம் ஸ்டெம்மைச் சுற்றியது. போன தடவையும் ஸ்டெம்தான். இந்தத் தடவையும் ஸ்டெம்மை அவன் கையாலேயே மாட்டியிருக்கிறான். சந்திப்பில் எல்லார் முன்னாலும் விழ வைத்துச் சிரிக்கவா? அவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? போன தடவை கிடைத்ததுபோல ஏதாவது கிடைக்கும்.

சந்திப்புக்கு முந்தைய சாயங்காலம், கடைசி வாடிக்கையாளர் போனதும், சைக்கிளைச் சலூனுக்குள் கொண்டுவந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் கண்ணாடி முன் விளக்கில் காட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை. குறை எதுவும் கிடைக்காதது அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. திரும்ப மாட்டும்போது, பழைய காலத்தில் அப்பா சைக்கிளுக்குச் செய்வதுபோல, தண்டு துருப்பிடிக்காமல் இருக்க விரல் நிறைய கிரீஸ் தடவி மாட்டினார். தன் கையால் இறுக்கினார். இனி அவன் கை பட்ட இடம் எதுவும் இல்லை என்று நிம்மதியாகப் படுத்தார்.

சந்திப்பு ஞாயிற்றுக்கிழமை. சலூனை மூடிவிட்டு வந்ததற்கு மிட்சுயோவிடம் வாங்கிய திட்டு இன்னும் சூடாக இருந்தது. விளையாட்டரங்கின் முன்னால் இருக்கும் பெரிய தரையில் கூட்டம். ஒரு பக்கம் வேனில் தக்கோயாக்கி உருண்டைகள் பொரியும் வாசனை. எங்கு பார்த்தாலும் பழைய ஃபிரேம்கள்: வெளிர்நீலம், ரோஜாநிறம், குரோமியம். அவற்றில் பொருந்தியும் பொருந்தாமலும் புது உறுப்புகள்.

கென்சாக்கு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெயர் கொடுக்கப் போனார். திரும்பி வரும்போது கால் நின்றுவிட்டது. நுகாதா அவருடைய வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“காத்துல சாய்ஞ்சுது,” என்றார் நுகாதா.

அதே பேச்சு. அதே நிற்கும் நிலை. கென்சாக்கு வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். போல்ட்டைத் தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. அவன் முன்னால் தொட்டுப் பார்த்தால் பயந்தவன் ஆகிவிடுவோம் என்றும் தோன்றியது. அப்படியே ஏறினார்.

உடம்பைச் சூடேற்ற இரண்டு வட்டம் ஓட்டினார். பிறகு முன்சக்கரத்துக்கு மாறி, ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுத்துச் சுழன்றார். கைக்குள் ஏதோ வழுக்கியது. பார் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. அடுத்த கணம் முழங்கையும் தோளும் சிமெண்டில் தேய்ந்தன.

ஓடிவந்தவர்களில் முதல் ஆள் நுகாதா. அவர் நீட்டிய கையைக் கென்சாக்கு தட்டிவிட்டார்.

“போதும்டா! ஒரு தடவ பண்ணினது பத்தலையா? இன்னொரு தடவ வேணுமா?”

தக்கோயாக்கி வேனுக்கு முன்னால் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள்.

“என்ன பண்ணினேன்?” என்றார் நுகாதா. குரல் தாழ்ந்திருந்தது.

“அன்னைக்கு ஹார்பர்ல நீதான் லூஸ் பண்ணின. இன்னைக்கும் நீதான். நான் அந்தப் பக்கம் போறதுக்குள்ள என் வண்டியில உனக்கு என்னடா வேலை?”

சவா கென்சாக்குவின் முழங்கையைப் பார்த்து, உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நேராகச் சைக்கிளிடம் போனார். ஆலன் கீயைப் போட்டுத் திருகினார்.

“போல்ட் டைட்டா இருக்கே,” என்றார் புருவத்தைச் சுருக்கி. இருந்தும் கழற்றினார். வளையத்தை உருவி எடுத்ததும் அவர் விரல்கள் பளபளத்தன. “ஐயோ! இதுல யாரு கிரீஸ் போட்டது? இது காய்ஞ்சு இருந்தாத்தானே புடிக்கும்? எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கத்தானே செய்யும்!”

எல்லார் பார்வையும் நுகாதாவின்மேல் போயிற்று. மாட்டியவர் அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். நுகாதா அந்த வளையத்தைப் பார்த்தார், பிறகு கென்சாக்குவைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகம் சொல்லியது. இரண்டு தடவை துடைத்த கை அது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை.

கென்சாக்குவின் காது மடல் சூடாயிற்று. பேசாமல் இருந்துவிடலாம், இவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தார்.

“நான்தான்,” என்றார். “நேத்து நான்தான் கழட்டி கிரீஸ் போட்டேன்.”

சவா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரியில் மாத்திரையைத் துப்பிவிடும் நோயாளியைப் பார்க்கும் பார்வை. “எதுக்குக் கழட்டினீங்க?”

பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முழங்கையைக் கழுவ அரங்கின் பின்பக்கக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் பட்டு எரிந்தது. பின்னால் காலடி கேட்டது. நுகாதா வந்து பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்தார்.

“மன்னிச்சுக்கடா,” என்றார் கென்சாக்கு, திரும்பாமலே. “அப்ப ஹார்பர்ல நடந்ததுக்கும் சேத்துத்தான். இத்தனை வருஷமா நீதான்னு நெனச்சிட்டிருந்தேன்.”

நுகாதா குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

“நான் லூஸ் பண்ணல,” என்றார் கடைசியில்.

“சரி.”

“ஆனா லூஸா இருந்தது எனக்குத் தெரியும்.”

கென்சாக்கு குழாயை மூடினார்.

“நீ டாய்லெட் போயிருந்த. வண்டி சாய்ஞ்சுது. பாரைப் புடிச்சேன். பார் மட்டும் திரும்புச்சு, சக்கரம் அப்படியே இருந்துச்சு. கையில ஆலன் கீ இருந்துச்சு கென். ஒரு திருகு திருகியிருந்தா முடிஞ்சுது. நீ வந்துட்ட. சொல்லலாம்னு வாயெடுத்தேன். அந்தக் கம்பெனி ஆளு அங்க உக்காந்திருந்தான். சொல்லல.”

எங்கோ ஒலிபெருக்கியில் யாரோ பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் விழறத பாத்துட்டு நின்னியா?”

“ஆமா.”

“இதை எதுக்கு இப்ப சொல்ற? நான்தான் மன்னிப்பு கேட்டுட்டேனே. பேசாம வாங்கிட்டுப் போயிருக்கலாமே.”

“வாங்க முடியல,” என்றார் நுகாதா.

கென்சாக்குவுக்கு அடிக்க வேண்டும்போல இருந்தது. காயம்பட்ட கை எழவில்லை. அதற்குப் பதிலாக வாயில் வேறு ஏதோ கேள்வி வந்தது. “அந்த டீம்ல என்னடா சாதிச்ச? அமெரிக்காவெல்லாம் போனியா?”

“எங்க? அடுத்த வருஷமே இந்த ஆட்டத்துக்கு மவுசு போயிடுச்சு. கம்பெனி டீமைக் கலைச்சுட்டான். ரெண்டு டீ-ஷர்ட் மிச்சம். அப்புறம் நகோயாவுல ஒரு டயர் கடை. இப்ப மாமனாரோட டயர் கடை.”

“டயர் கடையா?”

“டயர் கடைதான்.”

இத்தனை வருடமும் கென்சாக்குவின் கற்பனையில் நுகாதா விமானத்தில் பறந்துகொண்டிருந்தார், பத்திரிகை அட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எங்கோ காரடியில் குனிந்து நட்டு கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வரவில்லை. “போடா,” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.

சவா வளையத்தைத் துடைத்து மாட்டி வைத்திருந்தார். கென்சாக்கு தன் முறையில் இறங்கினார். கோபத்தில் ஓட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். கணக்குப் போடாமல், பயப்படாமல், பின்னோக்கி உருண்டு, திரும்பி, மறுபடி உருண்டு. கடைசிச் சுழற்சியில் கால் தரையில் பட்டுவிட்டது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கோபேக்காரர்கள் மட்டும் சைக்கிள் டயரைத் தரையில் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

இரவுச் சாப்பாட்டில் மிட்சுயோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் மீன் முள்ளை எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அவரு கழட்டல.”

“கழட்டல.”

“பாத்துட்டு சும்மா இருந்தாரு.”

“ஆமா.”

“அது அதவிட மோசமில்லையா?”

கென்சாக்கு யோசித்துப் பார்த்தார். மோசம்தான். ஆனால் பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான். இதை நம்புவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. நுகாதாவின் பேச்சில் அவர் நம்பிய முதல் விஷயம் அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை நுகாதா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. “துரத்திட்டீங்களே,” என்றார் சவா. கென்சாக்கு கேட்காததுபோலத் தண்ணீர் குடித்தார். மழைக்காலம் முடிந்து சிள்வண்டுகள் கத்த ஆரம்பித்த ஒரு திங்கட்கிழமை, மேம்பாலத்துக்குப் போகாமல், சலூன் துண்டுகளை ஏற்றும் பழைய வேனை எடுத்துக்கொண்டு நிஷினோமியாவுக்குப் போனார். டயர் கடைகளை ஒவ்வொன்றாக விசாரித்துக் கண்டுபிடித்தார்.

நுகாதா நீலச் சட்டையில், கழுத்தில் துண்டோடு, ஒரு லாரிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். வேனைப் பார்த்து நின்றார்.

“காத்து கம்மியா இருக்கிற மாதிரி இருந்துச்சு,” என்றார் கென்சாக்கு.

நுகாதா அளவுமானியை வைத்துப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. எதுக்கு வந்த?”

“அந்தப் பின்பக்கச் சுத்து எனக்குப் பாதியிலயே விழுந்துருது. திங்கக்கிழம வா.”

“என்னை நம்புவியா?”

“மாட்டேன். உன் வண்டிய நீ பாத்துக்க, என் வண்டிய நான் பாத்துக்கறேன். ஆனா லூஸா எதையாவது கண்ணுல பாத்தா வாயத் திறந்து சொல்லிடு. அது போதும்.”

நுகாதா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வேனைச் சுற்றி நடந்துவந்து முன்னால் குத்துக்காலிட்டார்.

“அப்ப இப்பவே சொல்லிடறேன். உன் முன் டயர் ரெண்டும் வழுக்கையாயிடுச்சு. மழையில பிரேக் போட்டா நிக்காது.”

“டேய், எங்கிட்டயே வியாபாரம் பண்றியா?”

“உள்ளதைச் சொன்னேன்.”

கென்சாக்கு நம்பாமல் குனிந்து, கத்தியின் கூர் பார்க்கும் அதே கட்டைவிரலால் டயரைத் தடவினார். ஒரு பக்கம் தடவிவிட்டு, மறு பக்கமும் போய்த் தடவிப் பார்த்தார். வழுக்கைதான்.